ரேஸ்தா இருபதில்தான் போவார்

இந்தியாவிலேயே மிக மெதுவாகக் கார் ஓட்டுகிறவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், யாரும் சிரமப்பட வேண்டாம். கோப்பையை நேரே கொல்கத்தா டாக்குரியாவுக்குப் பார்சல் அனுப்பிவிடலாம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடம், அதில் இரண்டாவது மாடி. மற்றவர்கள் எல்லாம் இரண்டாம் இடத்துக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அவருக்குத் தொழிலே கார் ரேஸ் ஓட்டுவது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தீப்பிடிக்காத உடுப்பும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, கோயமுத்தூர்ப் பக்கமும் சென்னைப் பக்கமும் இருக்கிற ரேஸ் டிராக்குகளில் பல வருடமாகச் சீறிக்கொண்டிருக்கிறவர். அங்கே இருநூறு. டாக்குரியா பாலத்தில் இருபது.

அவருக்குக் கும்பகோணம் பக்கத்துச் சாமி பெயர் ஒன்று உண்டு. மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத நீளம் என்பதால் பெற்ற அப்பாவே அதைக் கைவிட்டுவிட்டார். வங்காளிகள் யாரையும் அண்ணனாக்கிக்கொள்ளப் பெயரோடு ஒரு ‘தா’ சேர்த்துவிடுவார்கள். ரேஸ் ஓட்டுகிற அண்ணன், ரேஸ்தா. நான் அந்தக் கட்டடத்துக்குக் குடி வந்த முதல் நாள், வாட்ச்மேன் கீழே நின்று “ரேஸ்தா! ரேஸ்தா!” என்று கத்தினார். ‘ராஸ்தா’ என்கிறார், ரோட்டில் ஏதோ பள்ளம் விழுந்துவிட்டது போல என்று நினைத்து, வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நான் திருநெல்வேலிக்காரி. நியூ டவுனில் ஒரு ஐ.டி. கம்பெனியில் எனக்கு யூசர் மேனுவல் எழுதுகிற வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று எழுதுவேன். யாரும் படிக்க மாட்டார்கள். பொத்தானை அழுத்திவிட்டு எங்களுக்குப் போன் செய்வார்கள்.

ஒரு ஜூலை மாதக் காலை. மழை ஊற்றுகிறது. செயலியில் ஒரு டாக்ஸிகூடக் கிடைக்கவில்லை. பத்து மணிக்கு மீட்டிங். கேட்டருகே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. பானெட் முழுக்க வாயைப் பிளந்த புலி. கண்ணாடியை இறக்கி ஒரு சாதுவான முகம் எட்டிப் பார்த்தது.

“மழை விழுது தீதி. நியூ டவுனா? நானும் அந்தப் பக்கம்தான். ஏறுங்க.”

மழை பெய்வதில்லை, விழும். பெண்கள் எல்லோரும் தீதி, அதாவது அக்கா. கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ் அது. எனக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. கரியாஹாட் சந்திப்புப் போஸ்டரில் இருபதடி உயரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, கண் சிவக்க, பின்னால் நெருப்பு எரிய நிற்கிறாரே, ‘வங்கத்தின் புலி’, அவரேதான்! உடனே என் மேனேஜருக்குப் போன் செய்து, “இருபது நிமிஷத்துல இருப்பேன்” என்றேன். குரலில் கொஞ்சம் திமிர்கூட இருந்திருக்கலாம்.

அவர் முதலில் கண்ணாடிகளைச் சரிசெய்தார். பிறகு சீட்டை. பிறகு மறுபடி கண்ணாடிகளை. என் சீட் பெல்ட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னார். கிளம்பினோம்.

டாக்குரியா பாலம் ஏறி இறங்குவதற்குள் எனக்கு ஒரு சின்னத் தூக்கம் போட நேரம் இருந்தது. பைபாஸில் பஸ்கள் எங்களைக் கடந்தன, ஆட்டோக்கள் கடந்தன, பள்ளிக்கூட வேனின் பின்கண்ணாடியிலிருந்து குழந்தைகள் டாட்டா காட்டின. சைக்கிள் வேனில் கோழிக்கூண்டுகளை அடுக்கிக்கொண்டு ஒருவர் மிதித்துக்கொண்டே எங்களை ஒட்டி வந்து, “தாதா, காடி காராப்?” என்று பரிவோடு விசாரித்தார். அண்ணே, வண்டி கெட்டுப் போச்சா என்கிறார். ரேஸ்தா, “இல்ல தாதா, நல்லாத்தான் இருக்கு” என்று வங்காளத்தில் பதில் சொல்லி, வழிவிட்டார். போகும்போது கோழிகள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தன.

“ரேஸ்தா, கொஞ்சம் வேகமாப் போகலாமே? நீங்க ரேஸ் ஓட்டுறவர்தானே?”

“அதனாலதான் தீதி. டிராக்குல எல்லாரும் ஒரே பக்கம் போவாங்க. இங்க யாரு எந்தப் பக்கம் போறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

போய்ச் சேர இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். ஆபீசுக்குள் நுழைந்தபோது மீட்டிங் முடிந்து எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவரைக் கவனிப்பதே என் பொழுதுபோக்காகிவிட்டது. அவர் பயிற்சி முழுக்க மொட்டை மாடியில்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மனசுக்குள் டிராக்கைச் சுற்றுவார். தாம்பாளம் இடதும் வலதுமாகத் திரும்பும். வலது கால் படக்கென்று அமுக்கும். வாய் மட்டும் ‘ஙீ...ங்’ என்று கியருக்குக் கியர் சுருதி மாற்றும்.

நாலாவது மாடி மாஷிமா மாடியில் பருப்பு வடகம் காயவைக்க வருவார். வங்காளத்தில் பெரியம்மா வயதுக்காரர்கள் எல்லோரும் மாஷிமா. அந்த அம்மாள் முதல் நாள் இந்தக் காட்சியைப் பார்த்தார். தாம்பாளம், மூடிய கண், உடம்பில் நடுக்கம். சந்தேகமே இல்லை, அம்பாள் இறங்கியிருக்கிறாள்! கைகூப்பி நின்றுவிட்டார். மறுநாள் ரேஸ்தாவின் காலடியில் இரண்டு செம்பருத்திப் பூ இருந்தது. ரேஸ்தா கண்ணைத் திறந்து, “இது பிரேக் மாஷிமா” என்று விளக்கிப் பார்த்தார். மாஷிமா அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ரேஸ் ஓட்டுகிறவர்களுக்குக் கழுத்து பலமாக இருக்க வேண்டுமாம். வளைவில் திரும்பும்போது தலையைப் பக்கவாட்டில் பிய்த்து இழுக்குமாம். அதற்காக ஹெல்மெட்டில் கயிறு கட்டி, நாலு கிலோ உருளைக்கிழங்குப் பையைத் தொங்கவிட்டு, தலையை மறுபக்கம் சாய்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கூரியர்காரர் ஒருவர் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்காமலே பார்சலைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பதினொரு மணி ஆனதும் அவர் அப்பா மேலே ஏறி வருவார்.

“கழுத்து போதும்டா. உருளைக்கிழங்கைக் குடு, குழம்பு வைக்கணும்.”

அந்த அப்பா தனிக் கச்சேரி. கரக்பூரில் கூட்ஸ் வண்டி ஓட்டி ரிட்டயரானவர். மனைவி காலமான பிறகு சமையலை ஏற்றுக்கொண்டவர். மகன் தொழிலைப் பற்றி அவருக்கு ஒரு தீராத சந்தேகம் இருந்தது.

“நானும் காலம் பூரா வண்டி ஓட்டினவன்மா. நிலக்கரி ஏத்துனா எங்கயாவது கொண்டுபோய் இறக்கணும். இவன் என்னடான்னா கிளம்புன எடத்துக்கே திரும்பத் திரும்ப வர்றான். கடைசியில அங்கயே நின்னுட்டு, நாலாவதா வந்தேங்கிறான். எங்கடா வந்த? நீ எங்கயுமே போகலையே!”

நாலாவது என்பது ரேஸ்தாவின் நிரந்தர முகவரி. எப்போதாவது ஐந்து. பதினோரு வருடத்தில், முதல் மூன்று பேர் ஏறுகிற மேடையில் ஏறியதே இல்லை. ஆனால் வண்டியை இடிக்காமல், உடைக்காமல் முழுசாகக் கொண்டுவந்து சேர்ப்பார் என்று பெயர். அதனால் டீம்காரர்கள் அவரை விடவில்லை.

அவருக்கு ஸ்பான்சர் ஒரு கடுகெண்ணெய்க் கம்பெனி. டயரிலிருந்து ஹெல்மெட் வரை அவர்கள் உபயம். பதிலுக்கு அவர் புலியாக இருக்க வேண்டும். கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் வாயைத் திறந்தாலே ‘பாக், பாக்’ என்று புலியைப் பற்றித்தான் பேசுவார். அவருக்கு நான் வைத்த பெயர் புலி பாபு.

கரியாஹாட் போஸ்டருக்குப் போட்டோ எடுத்த கதையை அப்பாதான் சொன்னார். கோபமாகப் பார்க்கச் சொன்னால் ரேஸ்தா, பஸ் நம்பர் கேட்கிறவர் மாதிரி பார்த்திருக்கிறார். எதிரியை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவருக்கு எதிரியே இல்லை. மூன்று மணி நேரம் கழித்து, புலி பாபு ஒரு கரண்டியில் அன்று ஆட்டிய கடுகெண்ணெயை ஊற்றி மூக்குக்கு நேரே நீட்டினார். கண் சிவந்தது, மூக்கு விடைத்தது, நெற்றி நரம்பு புடைத்தது. கிளிக்! அந்த ஒரு நொடிதான் இருபதடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

ஆமாம், அவருக்குக் கடுகெண்ணெய் வாசனையே ஆகாது. வீட்டில் கும்பகோணத்துச் சொந்தக்காரர்கள் கேனில் கொண்டுவந்து கொடுக்கும் நல்லெண்ணெய்தான். புலி பாபு வருகிறார் என்றால் அப்பா அந்தக் கேனைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லாமல் வந்துவிட்டார். அப்போது தட்டுகளில் இட்லி, பக்கத்தில் பொடி. நானும் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். கேன் மின்னல் வேகத்தில் மறைந்துவிட்டது. பொடிக்கு எண்ணெய்?

“நம்ம எண்ணெய் இருக்கும்போது கவலை என்ன!” என்று புலி பாபு தன் பையிலிருந்தே ஒரு பாட்டிலை எடுத்து, எல்லோர் தட்டிலும் தாராளமாக ஊற்றினார். தமிழர் சரித்திரத்தில் இட்லிப் பொடியைக் கடுகெண்ணெயில் குழைத்துத் தின்ற காலை அது ஒன்றாகத்தான் இருக்கும். எங்கள் மூன்று பேர் கண்ணிலும் நீர் வழிந்தது. புலி பாபு நெகிழ்ந்துபோனார். “எங்க எண்ணெய் மேல இவ்வளவு பாசமா!”

அன்றைக்குத்தான் ரேஸ்தா என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தீதி, நீங்க எழுதுறவங்கதானே? போன்ல தினம் ஏதாவது போடணுமாம். ஃபேன்ஸுக்கு. எழுபதாயிரம் பேர் இருக்காங்களாம். எனக்கு வரல. நாலு வரி எழுதிக் குடுங்களேன்.”

யாரும் படிக்காத மேனுவல் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு எழுபதாயிரம் வாசகர்கள்! மறுநாளே எழுதினேன்: ‘வேகமே என் மூச்சு.’

“மூச்சுன்னு போட வேண்டாம் தீதி. எனக்கு சைனஸ் இருக்கு.”

‘பயம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது.’

“தெரியுமே? ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை பாத்ரூம் போவேன்.”

கடைசியில் நான் ஊரில் இல்லாத ஒரு வாரம் அவரே எழுதிப் போட்டுவிட்டார்: ‘இன்று நான் ஐந்தாவதாக வந்தேன். நான்கு பேர் என்னைவிட நன்றாக ஓட்டினார்கள். அவர்களுக்கு வாழ்த்துகள்.’ புலி பாபு எனக்குப் போன் செய்து, “எந்த ஊர்ப் புலி இப்படி எழுதும்?” என்று அழாத குறையாகக் கேட்டார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே போயிருக்கும். துர்கா பூஜைக்கு ஒரு மாதம் முன்பு அந்த வீடியோ வந்தது.

அந்தச் சமயத்தில் கொல்கத்தா முழுக்கப் பந்தலுக்கு மூங்கில் ஏற்றிய சைக்கிள் வேன்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். கரியாஹாட்டில், அவருடைய இருபதடி போஸ்டருக்கு நேர் கீழே, புலி படம் போட்ட அவருடைய சிவப்புக் காரை, முப்பது மூங்கில் ஏற்றிய ஒரு சைக்கிள் வேன் முந்திக்கொண்டு போனது. வேன்காரருக்கு அறுபது வயதிருக்கும். மணி அடித்தார். ரேஸ்தா மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான் போஸ்டர், கார், வேன் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் விழும்படி படம் பிடித்து, ‘வங்கத்தின் புலி’ என்று தலைப்புக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று நாளில் அதைப் பார்க்காத வங்காளி இல்லை. என் ஆபீஸில் நாலு குரூப்பிலிருந்து எனக்கே வந்தது. பூஜை வந்தபோது எங்கள் பேட்டைக் கிளப் பந்தலில் வண்ண விளக்கு அலங்காரமாகவே வைத்துவிட்டார்கள். எரிந்து அணையும் பல்புகளில் முன்னால் மூங்கில் வேன், பின்னால் காருக்குள் ஒரு புலி. ரேஸ்தா அப்பாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு போய், ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்.

“பிரேக் லைட் கரெக்டாப் போட்டிருக்காங்க தீதி” என்றார்.

புலி பாபுவுக்குச் சிரிப்பு வரவில்லை. பூஜை முடிந்ததும் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். நியூ டவுனில் அகலமான ரோடு இருக்கிறது. விடிகாலையில் ஒரே ஒரு நிமிடம், நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் போதும். கேமராக்காரர்கள் எடுத்துவிடுவார்கள். மறுபடி புலி எழுந்துவிடும். முடியாது என்றால் அடுத்த சீசனுக்குக் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

“பர்மிஷன்?” என்று கேட்டார் அப்பா.

“எல்லாம் பேசியாச்சு” என்றார் புலி பாபு. யாரிடம் என்று சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் ஸ்பான்சர் போனால் கார் இல்லை. கார் இல்லாமல் ஒரு சீசன் வீட்டில் உட்கார்ந்தால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவருக்கு முப்பத்தாறு வயது. வேறு எதுவும் தெரியாது. மாடியில் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

“ஒரு நிமிஷம்தானே ரேஸ்தா. நீங்க ஓட்டாத வேகமா? ஓட்டிட்டு வந்துடுங்க.”

அவர் கொஞ்ச நேரம் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டிராக்குக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு ஃபாரம் குடுப்பாங்க தீதி. என்ன ஆனாலும் எனக்குச் சம்மதம்னு. ஓட்டுறவன், கொடி காட்டுறவன், டயர் மாத்துறவன், எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. நியூ டவுன் ரோட்டுல யாரு கையெழுத்துப் போட்டா?”

இருந்தாலும் அவர் போனார். நானும் கூடப் போனேன்.

நவம்பர் மாதப் பனி. விடிந்தும் விடியாத வெளிச்சம். ரோட்டின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணியோடு இரண்டு ஆட்கள், நடுவில் மூன்று கேமரா. ரேஸ்தா முழு உடுப்பில் காருக்குள் உட்கார்ந்தார். இன்ஜின் உறுமியது. புலி பாபு கையை உயர்த்தி இறக்கினார்.

கார் நகரவில்லை.

தூரத்தில் பனிக்குள்ளிருந்து ‘ஹா ஹா ஹா’ என்று ஒரு சத்தம். அந்தப் பக்கத்துச் சிரிப்பு கிளப். பத்துப் பன்னிரண்டு முதியவர்கள், எல்லார் தலையிலும் குரங்குக் குல்லா. வாக்கிங் முடித்து, டீக்கடைக்காக ரோட்டைக் கடக்கப் பார்க்கிறார்கள். சிவப்புத் துணிக்காரர் அவர்களை நிறுத்தப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தும் சிரித்துவிட்டு நடந்தார்கள்.

ரேஸ்தா இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். நடுரோட்டில் போய், டிராஃபிக் போலீஸ் மாதிரி ஒரு கையை நீட்டி நின்று, ஒவ்வொருவராக அந்தப் பக்கம் அனுப்பினார். முழங்கால் வலிக்காரர் ஒருவரைக் கையைப் பிடித்து நடத்தினார். அந்த மனிதர் இடதும் வலதும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வண்டி இல்லை.

“யாரைப்பா நிறுத்திக்கிட்டிருக்க? யாருமே வரலையே!”

“நான்தான் வர்றதா இருந்துச்சு தாதா” என்றார் ரேஸ்தா.

எல்லோரும் கடந்த பிறகு புலி பாபுவிடம் வந்தார். காரில் கிடந்த கம்பெனித் தொப்பியை எடுத்து, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். “என்னால முடியல தாதா. இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றி.” புலி பாபு ஏதேதோ கத்தினார். எல்லாம் முடிந்தது என்பதுதான் சாரம். ரேஸ்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவர் முடிக்கும் வரை நின்று, பிறகுதான் காரில் ஏறினார்.

திரும்பி வந்ததும் வீட்டுக் கதவைத் திறந்த அப்பா எங்கள் முகத்தைப் பார்த்தார்.

“ஓட்டலையா?”

“இல்லப்பா.”

அப்பா குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து நல்லெண்ணெய்க் கேனை இழுத்து, சமையலறை மேடையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். அன்றைக்குத் தோசை அப்படி மொறுமொறுவென்று இருந்தது.

அடுத்த சில மாதங்கள் நன்றாக இல்லை. கரியாஹாட்டில் போஸ்டரைக் கிழித்துவிட்டுப் புடவைக்கடை விளம்பரம் வைத்தார்கள். பழைய டீம்களுக்குப் போன் செய்தால் ‘பார்க்கலாம்’ என்றார்கள். அவர் மட்டும் தினமும் மாடிக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தார். எந்தக் காருக்கு என்று நான் கேட்கவில்லை. மாஷிமா செம்பருத்தியை இரண்டிலிருந்து ஐந்தாக்கினார்.

அப்போது கேமராக்காரர்களில் ஒருவர் எனக்கு ஒரு துண்டு வீடியோ அனுப்பினார். பனிக்குள் குரங்குக் குல்லாக்களை ரேஸ்தா கடத்திவிடும் காட்சி. ‘கம்பெனி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அழிக்க மனசு வரல’ என்று எழுதியிருந்தார். ரேஸ்தாவிடம் கேட்டேன். “உள்ளதை மட்டும் எழுதுறதா இருந்தா போடுங்க” என்றார். நான் எழுதியவற்றில் அவர் திருத்தாத ஒரே வரி இதுதான்: ‘ரோட்டில் நான் இருபதில்தான் போவேன். ரோட்டில் இருக்கிற யாரும் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.’

மூங்கில் வேன் வீடியோ அளவுக்கு அது ஓடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், அதில் கால்வாசிகூட இல்லை. ஆனால் ஹவுராவில் ஒருவர் பார்த்தார். கைக்குழந்தைகளுக்கான தள்ளுவண்டி செய்கிற சின்னக் கம்பெனியின் முதலாளி. வீட்டுக்கு வந்தார், இட்லி சாப்பிட்டார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எங்க வண்டி மணிக்கு மூணு கிலோமீட்டர்தான் போகும். உங்களுக்குப் பரவாயில்லையா?”

“எனக்கு ரோட்டுல அதுவே ஜாஸ்தி தாதா” என்றார் ரேஸ்தா.

அடுத்த சீசனில் இந்திய ரேஸ் டிராக்குகள் அதுவரை காணாத ஒரு கார் கிளம்பியது. பானெட்டில் கட்டை விரலைச் சப்பும் ஒரு கொழுகொழு பாப்பா. கதவுகளில் கிலுகிலுப்பை. பின்பக்கம், முந்த வருகிறவர்கள் கண்ணில் படும்படி வங்காளத்தில் பெரிதாக ‘ஆஸ்தே’. மெல்ல என்று அர்த்தம்.

முதல் ரேஸ் கோயமுத்தூர்ப் பக்கம். அதுவரை அப்பா, மகன் ஓட்டி ஒரு ரேஸும் பார்த்ததில்லை. நானும் லீவு போட்டேன். ஹவுராவிலிருந்து ரயில். வழி முழுக்க அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற இன்ஜின் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். “பாரு, விஜயவாடாவுல எப்படிக் குலுக்கி நிறுத்துறான்! டீ பூரா சட்டையில. நான் ஓட்டுன நிலக்கரிகூட இப்படி ஆடுனதில்லம்மா.”

டிராக்கில் மற்ற டீம்காரர்கள் பாப்பா படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் பால் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து காரின் மேல் வைத்தார். ரேஸ்தா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ரெண்டு தடவை பாத்ரூம் போனார். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். ஏறினார்.

நான் அவரைப் பற்றி நூறு போஸ்ட் எழுதியிருக்கிறேன். வேகம், நெருப்பு, மின்னல், புயல். அன்றுவரை அவர் வேகமாக ஓட்டி ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

முதல் சுற்றில் அந்தக் கார் எங்கள் முன்னால் கடந்தபோது, அது கார் மாதிரியே இல்லை. ஒரு அலறல் வந்தது, காற்று முகத்தில் அறைந்தது, அவ்வளவுதான். வளைவில் இரண்டு கார்களுக்கு நடுவே, ஒரு ஆள் நுழைய முடியாத இடைவெளியில், பாப்பா படம் நுழைந்து வெளியே வந்தது. மழை விழுது என்று சொல்கிற மனிதர்தான் உள்ளே இருந்தார். நான் எழுதிய எதுவும் அதற்குக் கிட்டத்திலேகூட வராது. பக்கத்தில் அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார்.

“பாக்கலையா அங்கிள்?”

“சத்தம் கேக்குதில்ல? போதும். அவன் இன்ஜின் சத்தம் எனக்குத் தெரியும்.” கொஞ்சம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, “நல்ல எடத்துல பிரேக் பிடிக்கிறான்மா” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கடைசிக்கு முந்தின சுற்றில் முன்னால் போன இரண்டு கார்கள் ஒன்றோடொன்று உரசி, ஒன்று மண்ணுக்குள் சுழன்றது. அதற்குப் பின்னால் வந்தது பாப்பா கார். புழுதி எழும்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. நான் அப்பாவின் கையைப் பிடித்திருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ‘கொஞ்சம் மெதுவாப் போங்களேன் ரேஸ்தா’ என்று எனக்குள் யாரோ கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். புழுதிக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்தது பாப்பாவின் கட்டை விரல்தான்.

மூன்றாவது! பதினோரு வருடத்துக்குப் பிறகு மேடை. மற்ற இரண்டு பேரும் பாட்டிலைக் குலுக்கி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சினார்கள். ரேஸ்தா தன் பாட்டிலைத் திறக்காமல் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்து இரண்டு பேர் முகத்தையும் துடைத்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் படம் எடுத்தார்கள். சுழன்ற காரின் டிரைவருக்கு அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே அவர் மேடை ஏறினார் என்பது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

எனக்கு இப்போது சென்னைக்கு மாற்றல் ஆகிவிட்டது. அவர் இன்னும் ஓட்டுகிறார். பழையபடி நாலாவது, ஐந்தாவது. அவருக்காக எழுதுவதையும் எப்போதோ நிறுத்திவிட்டேன். அவரே எழுதிக்கொள்கிறார், உள்ளதை உள்ளபடி. ரேஸ் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துவைத்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் ஒரு செய்தி வரும். எப்போதும் ஒரே வார்த்தைதான்.

‘வந்துட்டேன் தீதி.’

எத்தனையாவதாக என்று நான் கேட்பதில்லை.